சர் சையத் அஹ்மது கானும் அலிகர் இயக்கமும்: நிறுவனரின் குலப்பெருமையை என்ன செய்வது?

அக்டோபர் 17 சர் சையத் தினம். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்கள் உலகில் எங்கிருந்தாலும் அன்று ஒன்றுகூடி விருந்து வைப்பார்கள். நம் பக்கத்தில் அவ்வளவு ஆரவாரம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு கட்டுரைப் போட்டி, ஜமாஅத்தில் ஒரு பேச்சுப் போட்டி, அத்துடன் சரி.

அப்படி ஒரு பேச்சுப் போட்டிக்குத் திருவொற்றியூரில் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி தயாராகிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ படிக்கிறாள். அவள் அத்தா துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். பாட்டனார் மேலப்பாளையத்தில் தறி நெய்தவர். தறி சோறு போடாத காலத்தில் பிழைப்புத் தேடி ராயபுரம் வந்து மூட்டை இறக்கியவர். குறிப்பு எடுக்கும்போது அவள் கண்ணில் ஒரு செய்தி பட்டிருக்கிறது. சர் சையத் நெசவாளர்களைப் பற்றி எழுதிய ஒரு வசவு அது. "அத்தா, தறிக்காரங்களை இவரு இப்படிச் சொல்லியிருக்காரே, அது நாமதானே?" என்று கேட்டிருக்கிறாள். அவர் அதை அப்படியே கொண்டுவந்து என்னிடம் கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை.

பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடும் முன் இந்த மனிதர் யார், என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

டெல்லி வீட்டுப் பிள்ளை

சர் சையத் 1817 அக்டோபர் 17 அன்று டெல்லியில் பிறந்தார். முகலாய அரண்மனையோடு நெருங்கிய தொடர்புள்ள குடும்பம். அரண்மனையின் அதிகாரம் அப்போது பெயரளவில்தான் இருந்தது. தந்தை இறந்த பிறகு 1838-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதித்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். டெல்லியின் பழங்காலக் கட்டடங்களைப் பற்றி அவர் எழுதிய 'ஆஸார் உஸ் ஸனாதீத்' 1847-ல் வெளிவந்தது. அந்த நூலுக்காக ஏணியும் கூடையும் கட்டி குதுப் மினாரின் கல்வெட்டுகளைப் படியெடுத்தவர் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்வார்கள்.

1857 கிளர்ச்சியின்போது பிஜ்னோரில் பணியில் இருந்தார். அங்கிருந்த ஐரோப்பியக் குடும்பங்களைக் காப்பாற்றினார். அதே நேரத்தில் டெல்லியில் அவருடைய உறவினர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். குதிரைக்காரர் ஒருவர் வீட்டில் ஒளிந்திருந்த தாயை மீட்டு மீரட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த அம்மையார் அங்கே சிறிது காலத்திலேயே காலமானார். குதிரைக்காரர் வீட்டில் அடைக்கலம் கிடைத்தது என்பதை இங்கே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளர்ச்சிக்குப் பிறகு ஆங்கில அரசு முஸ்லிம்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்தது. முஸ்லிம்களோ ஆங்கிலக் கல்வியைச் சந்தேகத்தோடு பார்த்தார்கள். இந்த இரண்டு சந்தேகங்களுக்கும் நடுவே சமுதாயம் அழிந்துவிடும் என்று பயந்தவர் சர் சையத். 1864-ல் காஸிப்பூரில் அறிவியல் சங்கம் தொடங்கினார். அறிவியல், வரலாற்று நூல்களை உருதுவில் மொழிபெயர்ப்பது அதன் வேலை. 1869-ல் மகன் சையத் மஹ்மூதோடு இங்கிலாந்து போனார். நபி (ஸல்) அவர்களைப் பற்றி வில்லியம் மியூர் எழுதிய நூலுக்கு மறுப்பு எழுதுவது அந்தப் பயணத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. அங்கே கேம்பிரிட்ஜின் விடுதிக் கல்வியைப் பார்த்தார். திரும்பி வந்ததும் 1870 டிசம்பரில் 'தஹ்ஸீபுல் அக்லாக்' பத்திரிகையைத் தொடங்கினார். 1875-ல் அலிகரில் பள்ளி திறக்கப்பட்டது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு கல்லூரிக்கு அடிக்கல் நாட்டினார். அதுதான் முஹம்மதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி. 1920-ல் பல்கலைக்கழகம் ஆனது.

கல்லூரிக்குப் பணம் சேர்க்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. லாட்டரிகூட நடத்தினார், அது ஹராம் என்று கண்டனங்கள் வந்தன. காஃபிர் என்று ஃபத்வா வந்தது. அவருக்கு எதிரான ஃபத்வா ஒன்று மக்காவிலிருந்தே வாங்கி வரப்பட்டது. குர்ஆன் விளக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட சுதந்திரம் ஆலிம்கள் பலருக்கு ஏற்புடையதாக இல்லை. இன்றும் இல்லை. ஆனால் அந்த விஷயத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். தம்முடைய மார்க்கக் கருத்துகளைக் கல்லூரியில் பாடமாக வைக்க மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு, மார்க்கக் கல்வியை வழமையான ஆலிம்களிடமே விட்டுவிட்டார். சுன்னி, ஷியா மாணவர்களுக்குத் தனித்தனிப் பாடம். இந்து மாணவர்களும் சேர்ந்தார்கள். கல்லூரியின் முதல் பட்டதாரி ஈஸ்வரி பிரசாத் என்ற இந்து இளைஞர். ராஜா ஜெய்கிஷன் தாஸ் போன்ற இந்து நண்பர்கள் தூணாக நின்றார்கள். மதத்தின் பெயரால் யாரையும் வெறுத்தவர் அல்ல அவர். அவரிடம் இருந்த பாகுபாடு வேறு வகையைச் சேர்ந்தது.

தறிக்காரர்களைப் பற்றி அவர் எழுதியது

கிளர்ச்சிக்கான காரணங்களை ஆராய்ந்து அவர் எழுதிய 'அஸ்பாபே பகாவதே ஹிந்த்' 1859-ல் 500 படிகள் அச்சானது. ஆளும் அரசின் முகத்துக்கு நேரே அதன் தவறுகளை எடுத்துச் சொன்ன துணிச்சலான நூல் அது. மக்களின் கருத்தைக் கேட்க வழியே வைக்காமல் சட்டம் போட்டீர்கள் என்பது அவர் வைத்த முக்கியக் குற்றச்சாட்டு. கிளர்ச்சி அடங்கிய சூட்டில் இப்படி எழுதுவது உயிருக்கே ஆபத்தான காரியம்.

அந்த நூலில்தான் நெசவாளர்கள் வருகிறார்கள். இங்கிலாந்துத் துணி வந்து இறங்கியதால் ஜுலாஹாக்களின் பிழைப்பு அடியோடு அறுந்துபோனது என்று அவரே எழுதுகிறார். அதே மூச்சில், கிளர்ச்சியில் எல்லோரையும்விடச் சூடாக நின்றவர்கள் இவர்கள் என்று சொல்லி, 'பத்ஸாத்' என்ற சொல்லால் அவர்களைக் குறிப்பிடுகிறார். கெட்ட பிறவி, இழிந்த குலம் என்பது அதன் பொருள். வயிற்றில் அடிபட்டவன் எதிர்த்து நின்றான் என்பதை அவரால் பார்க்க முடிந்தது. அவனைத் தம்மைப் போன்ற ஒரு மனிதனாகப் பார்க்க முடியவில்லை.

வடநாட்டு முஸ்லிம்களிடையே அஷ்ராஃப், அஜ்லாஃப், அர்ஸால் என்று மூன்று அடுக்குகள் வழக்கத்தில் இருந்ததை 2006-ல் வந்த சச்சார் குழு அறிக்கையும் பதிவு செய்திருக்கிறது. அரபு, பாரசீகம், துருக்கி, ஆப்கன் வழிவந்தோர் என்று சொல்லிக்கொள்ளும் சையத், ஷேக், முகல், பட்டாணியர் மேலடுக்கு. நெசவாளர், கசாப்புக்காரர், நாவிதர் போன்ற தொழில்களைச் செய்தவர்கள் இரண்டாம் அடுக்கு. துப்புரவுத் தொழில் செய்தவர்கள் கடைசி. இறுதி ஹஜ்ஜில் நபி (ஸல்) அவர்கள் ஆற்றிய பேருரைக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனாலும் திருமண வீட்டிலும் அடக்கத்தலத்திலும் இது இருந்தது. சர் சையத் இந்த மேலடுக்கில் பிறந்து, அந்த அடுக்கு சரிந்து விழுவதைக் கண்டு துடித்தவர். அவர் சமுதாயம் என்று பேசும்போதெல்லாம் பெரும்பாலும் மனதில் இருந்தது இந்த அடுக்குதான்.

1887 டிசம்பர்: லக்னோவும் சென்னையும்

இது ஏதோ ஒரு சொல்லில் வாய் தவறிய சமாச்சாரம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அவருடைய லக்னோ உரையைப் படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

1887 டிசம்பர் கடைசி வாரம். இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாவது மாநாடு நம் சென்னையில், ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த ஒரு தோட்டத்தில் நடந்துகொண்டிருந்தது. 607 பிரதிநிதிகள். தலைமை தாங்கியவர் பம்பாய் வழக்கறிஞர் பத்ருதீன் தயாப்ஜி. காங்கிரஸுக்குத் தலைமையேற்ற முதல் முஸ்லிம். வணிகக் குடும்பத்தில் பிறந்த போஹ்ரா. உயர் அரசுப் பணிகளுக்கான போட்டித் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும், சட்டமன்றங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருக்க வேண்டும் என்பவை அன்றைய காங்கிரஸின் கோரிக்கைகள்.

அதே நாட்களில், டிசம்பர் 28 அன்று, லக்னோவில் தாம் நிறுவிய கல்வி மாநாட்டின் கூட்டத்தில் சர் சையத் இதற்கு மறுப்புச் சொன்னார். அவருடைய வாதத்தில் இரண்டு இழைகள் உண்டு. முதலாவது, கல்வியில் பின்தங்கிய முஸ்லிம்கள் இப்போதைக்குப் போட்டித் தேர்வில் தோற்றுப்போவார்கள் என்பது. அதில் நியாயம் இருந்தது. இன்றும் இடஒதுக்கீடு கேட்கும்போது நாம் சொல்வதும் ஏறக்குறைய அதைத்தான். இரண்டாவது இழைதான் பிரச்சினை. இங்கிலாந்தில் பிரபுவின் மகனும் தையற்காரன் மகனும் ஒரே தேர்வில் வெல்லலாம், இந்தியாவுக்கு அது ஒத்துவராது என்றார். தாழ்ந்த குடியில் பிறந்தவன் பி.ஏ., எம்.ஏ. படித்திருந்தாலும், தகுதி உடையவனாகவே இருந்தாலும், நல்ல குடும்பத்தார் அவன் அதிகாரத்தின் கீழ் இருக்கச் சம்மதிக்க மாட்டார்கள் என்றார். அப்படிப்பட்டவனை வைஸ்ராய் தம் அவையில் மாண்புமிகு சகா என்று அழைக்க முடியாது என்றும் வாதிட்டார்.

ஒரு கல்வி மாநாட்டில், படிப்பால்கூடப் பிறப்பின் கறை போகாது என்று பேசியிருக்கிறார். அவருடைய எதிரிகள் இட்டுக்கட்டியது அல்ல இது. அவருடைய உரைத் தொகுப்புகளிலேயே இருப்பது. இந்த உரையை அரசியல் கண்ணோட்டத்தில், இரு தேசக் கொள்கை இதிலிருந்துதான் முளைத்ததா என்று எத்தனையோ பேர் விவாதித்துவிட்டார்கள். தையற்காரன் மகனைப் பற்றிய வாசகத்தை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போய்விடுவது வழக்கம்.

பெண் கல்வியில் அவர் நின்ற இடம்

1882-ல் ஹண்டர் கல்விக் குழுவின் முன் சர் சையத் சாட்சியம் அளித்தார். ஆண்கள் போதுமான அளவு படித்த பிறகே முஸ்லிம் பெண்களின் கல்வியைப் பற்றி அரசு யோசிக்கலாம். வீட்டு வாழ்க்கைக்கு இப்போது அவர்கள் பெறும் படிப்பே போதும் என்பது அவர் கருத்து. 1884-ல் பஞ்சாப் பயணத்தின்போது குர்தாஸ்பூரில் பெண்கள் அவருக்கு வரவேற்பு மடல் தந்தார்கள். உங்கள் பாட்டிமார் படித்த பழைய நூல்களையே படியுங்கள், புதிய நூல்கள் வேண்டாம் என்று அவர்களுக்கு அறிவுரை சொன்னார். பெண்களின் உரிமைகளைப் பற்றி மும்தாஸ் அலி என்ற ஆலிம் எழுதிய கைப்பிரதியைப் படித்துக் கோபத்தில் அவர் குப்பைக் கூடையில் போட்டார் என்ற செய்தியும் பரவலாகச் சொல்லப்படுவது. அந்த நூல் 'ஹுகூகே நிஸ்வான்' என்ற பெயரில் 1898-ல், சர் சையத் காலமான ஆண்டில், வெளிவந்தது.

"அந்தக் காலம் அப்படி" என்பது போதுமா?

நம் பெரியவர்கள் பலர் இதற்குச் சொல்லும் பதில், அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள் என்பது. பாதி உண்மை.

ஏனென்றால் சர் சையத் சாட்சியம் சொன்ன அதே ஹண்டர் குழுவுக்கு அதே 1882-ல் இன்னொருவரும் மனுக் கொடுத்தார். பூனாவைச் சேர்ந்த ஜோதிராவ் புலே. உழைக்கும் சாதிகளின் வரிப்பணத்தில் மேல்சாதிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி தருகிறீர்கள், முதலில் கிராமத்துக் குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் ஆரம்பக் கல்வி கொடுங்கள் என்பது அவர் கோரிக்கை. அவரும் அவர் மனைவி சாவித்திரிபாயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது 1848-ல். ஆக ஒரே ஆண்டு, ஒரே குழு, இரண்டு மனிதர்கள்.

புலே முஸ்லிம் அல்லவே என்பீர்கள். தமிழ் பேசும் முஸ்லிமாகவே ஒருவரைப் பார்ப்போம். இலங்கை கண்டியில் 1838-ல் பிறந்த அறிஞர் சித்தி லெப்பை. வழக்கறிஞர். 1882-ல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885-ல் வெளிவந்த 'அஸன்பே சரித்திரம்' இவர் எழுதியது. தமிழின் தொடக்க கால நாவல்களில் ஒன்று. எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டிருந்த ஒராபி பாஷாவோடும் வாப்பிச்சி மரைக்காரோடும் சேர்ந்து கொழும்பு மருதானையில் இவர் வளர்த்த கல்வி முயற்சிதான் ஸாஹிரா கல்லூரியாக ஆனது. கண்டியில் முஸ்லிம் பெண் பிள்ளைகளுக்கென்று பள்ளிக்கூடமும் திறந்தார். ஊர் எதிர்த்தது, இவரும் விடவில்லை. சர் சையத் மறைந்த அதே 1898-ல்தான் இவரும் மறைந்தார். லெப்பை என்ற பெயரை லக்னோவில் யாராவது கேட்டிருந்தால் எந்த அடுக்கில் வைத்திருப்பார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சென்னை ராயப்பேட்டையிலும் 1870-களிலேயே முஸ்லிம் பெண் குழந்தைகளுக்கான பள்ளி வந்துவிட்டது. ஆளுநரின் மனைவி ஹோபார்ட் சீமாட்டியின் பெயரில் இன்றும் அது அரசுப் பள்ளியாக நடக்கிறது. பெண் பிள்ளைகள் போனார்கள். வானம் இடிந்து விழவில்லை.

இயக்கம் நிறுவனரைத் தாண்டிய விதம்

சர் சையத்துக்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால்தான் அந்த இயக்கத்தின் மதிப்பு விளங்கும். ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவி வஹீத் ஜஹான் பேகமும் 1906-ல் அலிகரிலேயே பெண்கள் பள்ளியைத் தொடங்கினார்கள். நிறுவனர் வேண்டாம் என்றதை, அவர் கல்லூரியில் படித்தவரே, அவர் ஊரிலேயே செய்தார். அப்துல்லாவின் மகள் ரஷீத் ஜஹான் மருத்துவரும் எழுத்தாளரும் ஆனார். இஸ்மத் சுக்தாயும் அங்கே படித்தவர்தான். பல்கலைக்கழகமாக ஆனபோது அதன் முதல் வேந்தர் ஒரு பெண்மணி, போபால் அரசி சுல்தான் ஜஹான் பேகம். 2024 ஏப்ரலில் நைமா கத்தூன் அதன் முதல் பெண் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். வேந்தராக ஒரு பெண் இருந்த இடத்தில் துணைவேந்தராக ஒரு பெண் வர நூறு ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண் கல்வித் தடை உடைந்த அளவுக்குக் குலப்பெருமை எளிதில் உடையவில்லை. காரணம் இருக்கிறது. அவருடைய மார்க்கக் கருத்துகளைப் பாடத்திட்டத்திலிருந்து விலக்கி வைக்க முடிந்தது. யார் விடுதியில் தங்குவது, யாரால் கட்டணம் கட்ட முடியும் என்பதில் குலப்பெருமை ஊறியிருந்தது. அலிகரின் முதல் தலைமுறை மாணவர்களைப் பற்றி ஆராய்ந்த டேவிட் லெலிவெல்ட், அவர்களில் பெரும்பாலோர் நிலவுடைமை, அரசுப்பணிக் குடும்பத்துப் பிள்ளைகள் என்று காட்டியிருக்கிறார். நெசவாளர்கள் தங்களுக்காகத் தாங்களே குரல் கொடுக்க வேண்டியிருந்தது. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பீகாரில் ஆசிம் பிஹாரி போன்றோர் மோமின் இயக்கத்தைக் கட்டினார்கள். ஜுலாஹா என்ற பெயரை உதறி, அன்சாரி என்று தங்களை அழைத்துக்கொண்டார்கள். இன்று பஸ்மாந்தா என்ற பெயரில் நடக்கும் வாதங்களின் வேர் அங்கே இருக்கிறது.

தெற்கில் அது வேறு கைகளுக்குப் போனது

1901-ல் முஹம்மதன் கல்வி மாநாடு சென்னையில் கூடியது. நீதிபதி பாட்டம் தலைமை. சர் சையத் இறந்து மூன்றே ஆண்டுகள். தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம் உருவானதும் அந்தக் காலத்தில்தான். 1951-ல் நியூ காலேஜைத் திறந்தது அந்தச் சங்கம். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919. திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி 1951. மேல்விஷாரம் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965.

இவற்றுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? தோல் மண்டிக்காரர்கள், தோல் பதனிடும் தொழிலில் உயர்ந்தவர்கள், கப்பலில் சரக்கு அனுப்பிய ராவுத்தர், லெப்பை, மரைக்காயர் குடும்பங்கள். பெரியமேட்டில் தோல் வாடை அடிக்கும் கிடங்குகளில் சம்பாதித்த காசு. வடநாட்டு அஷ்ராஃப் கண்ணில் தோல் என்பது என்ன தொழில் என்று உங்களுக்கே தெரியும். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் சென்னைக்கு வந்து புகழ்பெற்ற சொற்பொழிவுகளை நிகழ்த்தினாரே, அவரை வரவழைத்துச் செலவை ஏற்றவர் தோல் வணிகர் ஜமால் முஹம்மது. வடசென்னைக்காரர்களுக்குப் பெரம்பூர் ஜமாலியா என்றால் உடனே தெரியும். அதுவும் அந்தக் குடும்பத்தின் கொடை.

அலிகர் ஏற்றிய விளக்கிலிருந்து இவர்கள் நெருப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள் என்பேன். சர் சையத்தின் குலக் கருத்துகளை இவர்கள் உட்கார்ந்து மறுத்ததாகத் தெரியவில்லை. அதற்கு அவர்களுக்கு நேரமும் இருந்திருக்காது. தங்கள் ஊர்ப் பிள்ளை படிக்க வேண்டும், அவ்வளவுதான். நீதிபதி பஷீர் அஹ்மது சயீத் 1955-ல் பெண்களுக்கென்றே தேனாம்பேட்டையில் கல்லூரி திறந்தார். எஸ்.ஐ.இ.டி. என்று நாம் சொல்லும் கல்லூரி அது. 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடுகிறது. திருவொற்றியூர் தேரடியில் ஏறும் பிள்ளை வண்டி மாறாமல் தேனாம்பேட்டையில் இறங்கலாம். வழியில் ஆயிரம் விளக்கு நிலையமும் வருகிறது; 1887-ல் தயாப்ஜி தலைமையில் மாநாடு நடந்தது அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான்.

இதற்காக நாம் சுத்தம் என்று மார்தட்டிக்கொள்ளவும் முடியாது. உருது பேசுகிறவர், தமிழ் பேசுகிறவர் என்ற பேதம், மரைக்காயர் வீட்டில் பெண் கேட்கத் தயங்கும் ராவுத்தர், நாவிதர் தொழில் செய்த குடும்பத்துக்குத் தனிப் பேச்சு: இவையெல்லாம் நம் தெருவிலும் உண்டு. ராயபுரத்தில் மீன் ஏலத்துக்கு நிற்கிறவரும் மண்ணடியில் மொத்தக் கடை வைத்திருப்பவரும் ஒரே ஸஃப்பில் தொழுவார்கள். சம்பந்தம் பேசும்போதுதான் வேறு கணக்கு வரும்.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1919-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் வால்டோர்ஃப் அஸ்டோரியா சிகரெட் தொழிற்சாலைத் தொழிலாளர் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் ருடால்ஃப் ஸ்டெய்னர். கைவேலை, இசை, கதை, தோட்டம் என்று குழந்தையின் போக்கில் போகும் கல்வி. இன்று உலகெங்கும் வால்டோர்ஃப் பள்ளிகள் இருக்கின்றன, இந்தியாவிலும் உண்டு. எண்ணூரிலோ மணலியிலோ உள்ள ஆலைத் தொழிலாளியின் பிள்ளைக்கு அப்படியொரு பள்ளி கிடைத்தால் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் ஸ்டெய்னர் மனித இனங்களை மேல் கீழ் என்று அடுக்கிப் பேசியவர். வெள்ளை இனத்தை உச்சியில் வைத்தவர்.

பல ஆண்டுகள் அந்த இயக்கத்தார் மழுப்பினார்கள். பிறகு நெதர்லாந்தில் ஒரு குழு அவர் எழுத்துகளை முழுக்க ஆராய்ந்து, இன்றைய சட்டப்படி பாகுபாடாகக் கருதக்கூடிய பகுதிகள் அவற்றில் இருப்பதாக 2000-ல் அறிக்கை கொடுத்தது. 2007-ல் ஜெர்மனியின் வால்டோர்ஃப் பள்ளிகளின் கூட்டமைப்பு, இனப் பாகுபாட்டுக்கு எதிராக ஸ்டுட்கார்ட் பிரகடனத்தை வெளியிட்டது. இன்றைய கண்ணோட்டத்தில் பாகுபாடாக அமையும் சில வாசகங்கள் ஸ்டெய்னரிடம் உண்டு என்பதை அதில் ஒப்புக்கொண்டார்கள். போதாது என்று விமர்சித்தவர்களும் இருக்கிறார்கள். ஒப்புக்கொண்டதால் பள்ளிகள் மூடப்படவில்லை என்பதுதான் நமக்குத் தேவையான செய்தி.

இன்று இதைப் பேசுவதில் உள்ள சிக்கல்

இதையெல்லாம் இப்போது ஏன் கிளற வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பயம் காரணமில்லாதது அல்ல. அலிகர் பல்கலைக்கழகத்தின் சிறுபான்மைத் தகுதி பல ஆண்டுகளாக நீதிமன்றத்தில் இருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, 1967-ம் ஆண்டின் அஜீஸ் பாஷா தீர்ப்பை 4-க்கு 3 என்ற பெரும்பான்மையில் விலக்கி, இறுதி முடிவை வேறொரு அமர்வுக்கு விட்டிருக்கிறது. இந்த நேரத்தில் சர் சையத்தின் சாதிப் பேச்சை எடுத்து வீசுகிறவர்களில் பலருக்கு நெசவாளர் மீது எந்த அக்கறையும் கிடையாது. பல்கலைக்கழகத்தின் மீதுதான் கண்.

அதற்காக நம் வீட்டுப் பிள்ளையிடம் பொய் சொல்ல வேண்டுமா? மறைத்தால் அவள் அதை அவர்கள் வாயிலிருந்துதான் கேட்பாள். நம் வாயிலிருந்து கேட்பது நல்லது. பஸ்மாந்தா தலைவர்கள் கேட்கும் கேள்வி, அதாவது முஸ்லிம்களுக்கான நிறுவனத்தில் பின்தங்கிய முஸ்லிம்களுக்கு என்ன இடம் என்பது, எதிரியின் கேள்வி ஆகாது. அது உள்ளிருந்து வரும் கேள்வி. பதில் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது.

தமிழ்நாடு இதற்குத் தன் வழியில் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2007-ல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபோது ஏழு பிரிவுகள் பட்டியலில் இடம்பெற்றன: அன்சார், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத். அகர வரிசையில் அன்சார் முதலில், சையத் கடைசியில். லக்னோவில் பேசியவர் இந்தத் தாளைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ.

லாரிக்கார அத்தாவிடம் நான் கடைசியில் சொன்னது இதுதான். சர் சையத் கட்டிய கட்டடத்தின் கணக்கு வேறு, அவர் பேசிய பேச்சின் கணக்கு வேறு. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளுபடி செய்ய வேண்டாம். சமுதாயம் இருட்டில் கிடந்தபோது பள்ளிக்கூடம் கட்டினார், அதற்காக துஆ செய்வோம். தறிக்காரரை இழித்துச் சொன்னார், அது தவறு. எந்தக் காலத்திலும் தவறு. இதைச் சொல்வதால் அவருக்கு நாம் நன்றி கெட்டவர்கள் ஆகிவிட மாட்டோம். பிள்ளை பேச்சில் இரண்டையும் சொல்லட்டும் என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "நடுவர் மார்க்கைக் குறைச்சிட்டா?" என்றார்.

குறைத்தார்கள் என்று நினைக்கிறேன். ஐந்து நிமிடப் பேச்சு. அதில் இரண்டு நிமிடத்தை அவள் மேலப்பாளையத்துத் தறிக்கும் தன் பாட்டனாருக்கும் கொடுத்துவிட்டாள். பரிசு வேறொரு பிள்ளைக்குப் போனது. கூட்டம் முடிந்ததும் வயதான ஒருவர் அவளை அழைத்து, மேலப்பாளையத்தில் எந்தத் தெரு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.